11 வயது நாய்க்குத் திடீர் வலிப்பு, ரத்த ரிப்போர்ட்டில் சர்க்கரை 41: யாராவது புரியவையுங்கள்

உறையூர்வாசி
9 மார்ச், இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஜிம்மிக்கு 11 வயது முடிந்துவிட்டது. தாய் லாப்ரடார், தகப்பன் எங்கள் தெருவிலேயே திரிந்தவன். எடை 24 கிலோ. மழைக்காலத்துச் சொறியைத் தவிர இதுவரை பெரிதாக எதுவும் வந்ததில்லை.

வியாழக்கிழமை விடியற்காலை 4 மணி இருக்கும். மாடிப்படிக்குக் கீழே தகர டப்பா உருளுகிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் ஜிம்மி ஒருக்களித்துக் கிடக்கிறான், நான்கு காலும் சைக்கிள் மிதிப்பது போல அடித்துக்கொள்கின்றன, அதில் தண்ணீர்க் கிண்ணம் உதைபட்டு உருள்கிறது. வாயில் நுரை. சிறுநீர் போய்விட்டது. கண் திறந்துதான் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அம்மா பீரோச் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவன் காலில் வைத்து அழுத்தினார். பத்து நிமிடமாவது இருக்கும் என்றுதான் நினைத்தேன். போர்ட்டிகோ கேமராவில் பார்த்தால் 1 நிமிடம் 50 விநாடி.

அப்புறம் எழுந்தான். அரை மணி நேரம் சுவரில் முட்டிக்கொண்டு நடந்தான், என்னை அடையாளம் தெரியவில்லை. ஒரு சட்டி தண்ணீரைக் குடித்து முடித்த பிறகுதான் வாலை ஆட்டினான்.

அன்று மாலை டாக்டரிடம் காட்டி ரத்தம் எடுத்தோம். எங்கள் டாக்டரிடம் மெஷின் இல்லை, மனிதர்களுக்கான லேபுக்குத்தான் போகும். ரிப்போர்ட் இது:

ஹீமோகுளோபின் 11.8 (குறைவு என்று போட்டிருக்கிறது)
வெள்ளணு 13,400 (அதிகம்)
தட்டணு 1.1 லட்சம் (குறைவு)
யூரியா 34, கிரியேட்டினின் 1.1
எஸ்.ஜி.பி.டி. 88 (அதிகம்)
எஸ்.ஜி.ஓ.டி. 142 (அதிகம்)
ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 486 (அதிகம்)
ஆல்புமின் 3.0 (குறைவு)
கால்சியம் 9.7
சர்க்கரை 41 (மிகக் குறைவு)

பாதிக்கு மேல் தடித்த எழுத்து. டாக்டர் ஊருக்குப் போயிருக்கிறார், இரண்டு நாள் கழித்துத்தான் வருவார். மருந்துக் கடைக்காரர் சர்க்கரை இறங்கியதால்தான் வலிப்பு என்கிறார். எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி., பாஸ்பட்டேஸ் மூன்றும் கல்லீரல் நொதிகளாம், அப்படியானால் கல்லீரலும் போய்விட்டதா? ஒன்றும் புரியவில்லை.


கோம்பை_ரசிகன்
9 மார்ச், இரவு 11.15

தம்பி, முதலில் அந்தச் சாவிக்கொத்தை பீரோவிலேயே தொங்கவிடச் சொல்லுங்கள். மனிதனுக்கும் அது வேலை செய்யாது, நாய்க்கும் செய்யாது. வலிப்பு தானாக வந்து தானாக நிற்கும், நிற்கிற நேரத்தில் சாவி கையில் இருந்தால் சாவிக்குப் பேர். வாயில் கை வைக்காதீர்கள். நாய் நாக்கை விழுங்காது, உங்கள் விரலைத்தான் கடிக்கும். என் கட்டைவிரலில் தழும்பு இன்னும் இருக்கிறது.

ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் கார்டினால் (பினோபார்பிட்டோன் என்கிற வலிப்பு மாத்திரை) ஆரம்பித்துவிடுங்கள். என் கோம்பைக்கு 3 வயதில் வந்தது, மாத்திரை போட்டு 12 வயது வரை இருந்தான்.


லேப்காரன்_மதுரை
10 மார்ச், காலை 6.50

நான் மனிதர்களுக்கான லேபில்தான் வேலை பார்க்கிறேன். நாய் ரத்தம் வாரத்துக்கு நாலைந்து வரும். இரண்டு கேள்வி.

ஒன்று, சர்க்கரைக்கு எந்த மூடி போட்ட குழாயில் எடுத்தார்கள்? சாம்பலா, சிவப்பா? இரண்டு, எத்தனை மணிக்கு எடுத்தார்கள், எத்தனை மணிக்கு லேபுக்குப் போனது?

அந்த தடித்த எழுத்துகளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கணினி அதை மனிதனின் அளவோடு ஒப்பிட்டுப் போடுகிறது. வயதைக் கேட்டால் 11 என்று அடிப்போம், இனத்தைக் கேட்க அதில் கட்டமே கிடையாது. உங்கள் ஜிம்மியை 11 வயதுப் பையன் என்று நினைத்துக்கொண்டுதான் அது பேசுகிறது.


உறையூர்வாசி
10 மார்ச், காலை 7.30

மாலை 7 மணிக்கு எடுத்தார்கள். லேப் பையன் மறுநாள் காலை எட்டரைக்கு வந்து வாங்கிப் போனான். கம்பவுண்டரிடம் இப்போதுதான் போனில் கேட்டேன். ஊதா ஒன்று, சிவப்பு ஒன்று. சாம்பல் கிடையாது. இரவு முழுக்க மேஜை மேல்தான் இருந்ததாம்.


லேப்காரன்_மதுரை
10 மார்ச், காலை 7.42

அப்படியானால் அந்த 41-ஐ இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

குழாயில் இருக்கிற ரத்தம் செத்த ரத்தம் இல்லை. உள்ளே இருக்கிற அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். பிரித்தெடுக்காமல் அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்கு நூற்றுக்கு 5 முதல் 7 பங்கு வரை இறங்கும். உங்களுடையது பதிமூன்றரை மணி நேரம் கிடந்திருக்கிறது. 92-ல் ஆரம்பித்திருந்தால்கூட 40-க்கு வந்து நிற்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள். திருச்சி வெயிலில் இன்னும் வேகமாக இறங்கும். சாம்பல் மூடிக் குழாயில் ஃபுளோரைடு இருக்கும், அணுக்கள் தின்பதை அது பெருமளவு தடுத்து வைக்கும். நாய் ரத்தம் எடுக்கிற இடங்களில் இந்தக் குழாயைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள்.

தட்டணுவும் அப்படித்தான். நேரமானால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், மெஷின் கட்டியை ஒன்று என்று எண்ணும். கண்ணாடியில் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் உண்மை தெரியும்.


செவலை_அம்மா
10 மார்ச், காலை 11.05

தம்பி சொல்வது சரிதான், ஆனால் ஒரேயடியாக மறந்துவிடவும் வேண்டாம். எங்கள் செவலைக்கு, அவள் பாக்ஸர், 9 வயதில் வந்தது உண்மையான சர்க்கரைக் குறைவு.

முதலில் வலிப்பு இல்லை. கேட் திறந்தால் துள்ளி ஓடுகிறவள் பின்னங்கால் மடங்கி உட்கார்ந்துவிடுவாள். வயதாகிறது, மூட்டுவலி என்று நினைத்தோம். அப்புறம் கவனித்தால் எல்லாம் காலைச் சாப்பாட்டுக்கு முன்னால். ஒரு டீ பிஸ்கட் தின்றால் கால் மணி நேரத்தில் சரியாகிவிடும். அதற்குப் பிறகுதான் வலிப்பு வந்தது. கோவையில் டாக்டர் சர்க்கரை குறைவாக இருக்கிற அதே ரத்தத்தில் இன்சுலினும் பார்த்தார். சர்க்கரை 38 இருந்தால் இன்சுலின் அடங்கிக் கிடக்க வேண்டும், இவளுக்கு ஏறி இருந்தது. கணையத்தில் சின்னக் கட்டி. ஸ்கேனில் தெரியவே இல்லை, அறுவையில்தான் தெரிந்தது. அதற்குப் பின் 14 மாதம் இருந்தாள்.

அதனால் நான் கேட்பது ரிப்போர்ட்டைப் பற்றி இல்லை. ஜிம்மிக்கு வந்தது சாப்பிட்டு எத்தனை மணி நேரம் கழித்து? ஓடினால் தள்ளாடுகிறானா?

இன்னொன்று. மறுபடி வந்தால் தேனையோ குளுக்கோஸையோ வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். வலிப்பு நின்றபின் ஈறில் தடவினால் போதும்.


நாமக்கல்_ஓய்வு
10 மார்ச், மதியம் 2.20

கால்நடைத் துறையில் 31 ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன். பார்க்காத நாய்க்கு மருந்து சொல்ல மாட்டேன், உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் ரிப்போர்ட்டைப் படிக்கலாம்.

நாய்க்கு எஸ்.ஜி.பி.டி. 100 பக்கம் வரை சாதாரணம். 88 ஒன்றுமில்லை. எஸ்.ஜி.ஓ.டி. கல்லீரலில் மட்டுமல்ல, தசையிலும் இருக்கிறது. இரண்டு நிமிடம் நான்கு காலையும் அடித்த நாய்க்கு அது ஏறத்தான் செய்யும். ஆல்புமின் 3.0 நாய்க்குச் சரியான அளவு. ஹீமோகுளோபின் 12-க்கு மயிரிழை கீழே, வயதான நாய்க்கு இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். யூரியாவும் கிரியேட்டினினும் நன்றாக இருக்கின்றன, சிறுநீரகத்தால் வந்த வலிப்பு இல்லை. கால்சியமும் சரி.

மிச்சம் இருப்பது பாஸ்பட்டேஸ் 486. இது நாய்க்கே அதிகம், 150-ஐத் தாண்டக் கூடாது. இங்கே ஒரு விசேஷம். நாயின் கல்லீரல் ஸ்டீராய்டு பட்டால் இந்த நொதியைத் தனியாக ஒரு வகையில் தயாரித்துத் தள்ளும். மனிதக் கல்லீரலுக்கு அந்தப் பழக்கம் இல்லை. சொறி என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு என்ன கொடுத்தீர்கள்?

கோம்பை ரசிகர் கோபித்துக்கொள்ளக் கூடாது. 3 வயதில் முதல் வலிப்பு வருவதும் 11 வயதில் வருவதும் ஒன்றல்ல. பரம்பரையாக, காரணம் தெரியாமல் வருகிற காக்காய் வலிப்பு பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 6 வயதுக்குள் தலைகாட்டிவிடும். அதற்கு மேல் முதன்முறையாக வந்தால் காரணத்தைத் தேட வேண்டும். உடம்பில் எங்காவது கோளாறு, இல்லை என்றால் மூளையிலேயே. ரத்தப் பரிசோதனை முதல் பாதிக்கு மட்டும்தான் பதில் சொல்லும். ஒரே ஒரு வலிப்புக்கு, அதுவும் 2 நிமிடத்துக்குள் நின்றதற்கு, உடனே மாத்திரை தொடங்குவது வழக்கமில்லை. 6 மாதத்துக்குள் இரண்டு, அல்லது 24 மணி நேரத்துக்குள் இரண்டு, அல்லது 5 நிமிடம் தாண்டியது என்றால் தொடங்க வேண்டும். 5 நிமிடம் தாண்டினால் இங்கே எழுதிக்கொண்டிருக்காதீர்கள், வண்டியை எடுங்கள். உடம்புச் சூடு ஏறி அதுவே மூளையைக் கெடுக்கும்.


உறையூர்வாசி
10 மார்ச், மாலை 6.10

ஐயா, வைசோலோன், நீங்கள் சொன்ன ஸ்டீராய்டுதான். டாக்டர் பத்து நாளைக்குத்தான் எழுதினார், போன நவம்பரில். நிறுத்தினால் சொறிகிறான் என்று நாங்களே தினம் ஒரு 10 மி.கி. மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்துவிட்டோம். நான்கு மாதம் ஆகிறது. தண்ணீர் நிறையக் குடிப்பான்.

அக்கா, முந்தின இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டான். ஓடினால் தள்ளாட்டம் ஒன்றும் இல்லை, பூனையைத் துரத்துகிறான்.


நாமக்கல்_ஓய்வு
10 மார்ச், இரவு 8.00

திட்டலாம் என்று நினைத்தேன், நீங்களே ஒப்புக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். பாஸ்பட்டேஸ், தண்ணீர்த் தாகம் இரண்டுக்கும் விடை அதுதான். திடீரென்று நிறுத்தாதீர்கள், உங்கள் மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாக இறக்க வேண்டும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், இறக்காது. அதனால் அந்த 41 மேல் எனக்கு இரட்டைச் சந்தேகம்.

உண்ணி மாத்திரை ஏதாவது கொடுத்தீர்களா? மாதம் ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒன்று என்று வருகிற மெல்லும் மாத்திரைகள். நல்ல மருந்துதான், நானே எழுதியிருக்கிறேன். ஆனால் சில நாய்களுக்கு வலிப்பைத் தூண்டலாம் என்று 2018-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. வலிப்பு வந்த நாய்க்கு வேறு வழி பார்ப்பது நல்லது.


ரெண்டுபூனை
10 மார்ச், இரவு 9.30

வீட்டில் சூடம் ஏற்றுகிறீர்களா? சூடத்தை நக்கித் தின்றால் நாய்க்கு வலிப்பு வரும். எங்கள் தெருவில் ஒரு பொமரேனியனுக்கு நடந்தது. கேட்கத் தோன்றியது, கேட்டுவிட்டேன்.


உறையூர்வாசி
14 மார்ச், இரவு 9.50

உண்ணி மாத்திரை கொடுக்கவில்லை. சூடம் சாமி அறையோடு சரி, அவனுக்கு அங்கே அனுமதி இல்லை.

டாக்டர் வந்ததும் மறுபடி ரத்தம் எடுத்தோம். சாம்பல் மூடிக் குழாயை நானே வாங்கிக்கொண்டு போனேன், கம்பவுண்டர் ஒரு மாதிரி பார்த்தார். எட்டு மணி நேரம் பட்டினி. எடுத்ததும் வண்டியில் லேபுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். சர்க்கரை 94!

ஒரு வேடிக்கை, அதே நேரத்தில் அப்பாவின் குளுக்கோமீட்டரிலும் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தோம், 76 காட்டியது. தட்டணுவைக் கண்ணாடியில் எண்ணினார்கள், ஏறத்தாழ 2 லட்சம். உண்ணிக் காய்ச்சல் கிருமி எதுவும் கண்ணில் படவில்லை.

எல்லாம் சரி என்றால் வலிப்பு ஏன் வந்தது?


லேப்காரன்_மதுரை
14 மார்ச், இரவு 10.05

கம்பவுண்டர் பார்த்தால் பார்க்கட்டும். மனிதனுக்கான குளுக்கோமீட்டர் நாய் ரத்தத்தில் பெரும்பாலும் குறைத்துத்தான் காட்டும். வீட்டில் அதை வைத்துப் பார்க்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.


கோம்பை_ரசிகன்
14 மார்ச், இரவு 10.30

3 வயது, 11 வயது வித்தியாசம் எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டேன். நாமக்கல் ஐயாவுக்கு நன்றி.


உறையூர்வாசி
3 ஏப்ரல், காலை 5.20

தூங்கவில்லை, அதனால் தப்பிருந்தால் மன்னியுங்கள். மார்ச் 21-ல் ஒரு வலிப்பு, ஒரு நிமிடம். நேற்று இரவு 11.40-க்கு ஒன்று, இன்று 3.15-க்கு ஒன்று. இரண்டாவது 2 நிமிடம் 20 விநாடி. மின்விசிறியைப் பக்கத்தில் வைத்து, விளக்கை அணைத்து, தலைக்குக் கீழே பழைய போர்வை. அம்மா சாவிக்கொத்தைத் தேடவில்லை, கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னார்.


நாமக்கல்_ஓய்வு
3 ஏப்ரல், காலை 5.45

ஒரே இரவில் இரண்டு. விடிந்ததும் மருத்துவரைப் பாருங்கள், இனி மாத்திரை தேவை. பினோபார்பிட்டோன் தொடங்கும் முன் பித்த அமிலம் ஒருமுறை பார்த்தால் நல்லது, சாப்பாட்டுக்கு முன் ஒன்று, சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து ஒன்று. நொதிகள் கல்லீரலுக்கு அடிபட்டதைச் சொல்லும், வேலை செய்கிறதா என்பதைப் பித்த அமிலம் சொல்லும். அந்த மருந்தை உடைத்து வெளியேற்ற வேண்டியது கல்லீரல்தான்.


உறையூர்வாசி
24 ஏப்ரல், இரவு 8.15

பித்த அமிலம் சரியாக இருந்தது. கார்டினால் 60 மி.கி. காலை 8, இரவு 8. முதல் வாரம் சாராயம் குடித்தவன் மாதிரி நடந்தான், பின்னங்கால் பின்னிக்கொண்டது. பசி என்றால் அப்படி ஒரு பசி, அப்பா வாங்கி வைத்த ஒரு சீப்பு வாழைப்பழம் தோலோடு போனது. இப்போது நடை தேறிவிட்டது. மூன்று வாரமாக வலிப்பு இல்லை.

மருந்தின் அளவை ரத்தத்தில் பார்த்தோம், 22. ஆனால் பாஸ்பட்டேஸ் 910. வைசோலோனைத்தான் இறக்கிக்கொண்டிருக்கிறோமே?


லேப்காரன்_மதுரை
24 ஏப்ரல், இரவு 8.40

22 நல்ல இடம், 15-லிருந்து 40-க்குள் இருக்க வேண்டும். இந்த ஒரு சோதனைக்கு மனிதர் லேபைத் தாராளமாக நம்பலாம், மருந்து ஒன்றுதான். ஆரம்பித்து இரண்டு வாரம் ஆன பிறகு எடுத்ததும் சரி, அதற்கு முன் எடுத்தால் அளவு நிலைப்பட்டிருக்காது.


நாமக்கல்_ஓய்வு
24 ஏப்ரல், இரவு 9.10

இந்த மாத்திரையும் பாஸ்பட்டேஸை ஏற்றும். அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு கொட்டும். கல்லீரல் சோர்கிறதா என்று பார்க்க ஆல்புமின், யூரியா, சர்க்கரை, கொழுப்பு இவை இறங்குகின்றனவா, பிலிருபின் ஏறுகிறதா என்று பாருங்கள். அவை அசையாத வரை 910 வெறும் எண்.

இப்போது உங்களிடம் வேறொன்று கேட்க வேண்டும். வலிப்பு இல்லாத நாட்களில் ஜிம்மி எப்படி இருக்கிறான்? ஒரே பக்கமாகச் சுற்றுகிறானா? மூலையில் போய் நின்றுகொண்டு திரும்பத் தெரியாமல் முழிக்கிறானா? நிற்கும்போது முன்பாதத்தை மெல்ல மடக்கி, புறங்கால் தரையில் படும்படி வையுங்கள். உடனே நிமிர்த்திக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் பாருங்கள். சோற்றுத் தட்டையும் கவனியுங்கள்.


உறையூர்வாசி
27 ஏப்ரல், இரவு 10.20

ஐயா, தட்டு என்று நீங்கள் எழுதியது புரியாமல்தான் பார்த்தேன்.

வட்டமான எவர்சில்வர் தட்டு. அவனுக்கு வலதுபக்கம் இருந்த சோற்றை நக்கித் துடைத்துவிட்டான். இடதுபக்கத்துச் சோறு அப்படியே இருக்கிறது, நடுவில் கத்தியால் கோடு போட்ட மாதிரி. வயிறு நிறையவில்லை, தட்டின் ஓரத்தையே முகர்ந்துகொண்டு நிற்கிறான். தட்டை அரைச் சுற்றுத் திருப்பினேன். மிச்சச் சோற்றை அப்போதுதான் பார்த்தவன் போலத் தின்றான். இரண்டு வேளையும் அப்படித்தான். ஒரு மாதமாகவே தட்டில் மிச்சம் வைக்கிறான் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார், மாத்திரையின் மந்தம் என்று நினைத்தோம்.

பாதம்: வலது உடனே நிமிர்ந்தது. இடது இரண்டு மூன்று விநாடி அப்படியே இருந்தது.


நாமக்கல்_ஓய்வு
28 ஏப்ரல், காலை 7.00

இடதுபக்கத்தை உணராவிட்டால் கோளாறு மூளையின் வலதுபக்கம் முன்பகுதியில் இருக்கும். ரத்தம் இத்தனை முறை சுத்தமாக வந்ததற்கும் அதுதான் பொருள். இந்த வயதில் கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம், பழைய ரத்தக்குழாய் அடைப்பாகவும் இருக்கலாம். எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் பெயர் சொல்ல முடியும், அதற்கு மயக்கம் கொடுக்க வேண்டும். உங்கள் மருத்துவரிடம் இந்தத் தட்டை வீடியோ எடுத்துக் காட்டுங்கள். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கடிதம் கேட்டுப் போகலாம்.


செவலை_அம்மா
28 ஏப்ரல், காலை 9.30

தம்பி, போக வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. படம் எடுத்தபின் என்ன செய்வோம் என்பதை முதலில் வீட்டில் பேசிவிடுங்கள். மூளையைத் திறக்கப் போவதில்லை என்றால் பெயர் தெரிந்து என்ன என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார், செவலைக்கு. நான் தெரிந்தே ஆக வேண்டும் என்றேன். இரண்டு பேர் கேட்டதும் சரிதான்.


உறையூர்வாசி
11 மே, இரவு 9.05

போகவில்லை. சென்னைக்கு ஆறு மணி நேரம், மயக்கம், அறுவை எப்படியும் செய்யப் போவதில்லை. அப்பாவும் நானும் இரண்டு நாள் பேசித்தான் முடிவெடுத்தோம். டாக்டர் மூளையில் நீர் கட்டாமல் இருக்கக் குறைந்த அளவில் அதே வைசோலோனை மறுபடி எழுதியிருக்கிறார், வலி மாத்திரை எதையும் கூடச் சேர்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். பாஸ்பட்டேஸ் இனி பார்க்கவே வேண்டாம் என்று சிரித்தார். கார்டினால் தொடர்கிறது. மே 6-ல் ஒரு சின்ன வலிப்பு, 40 விநாடி. மற்றபடி பூனை இன்னும் மதில் மேல்தான்.

பாதிச் சாப்பாட்டில் தட்டைத் திருப்பி வைப்பது அம்மாவின் வேலை. நான் செய்தால் மறந்துவிடுகிறேன்.

ஒரு கேள்வி. 18-ம் தேதி தஞ்சாவூரில் கல்யாணம், பக்கத்து வீட்டு அண்ணன்தான் மாத்திரை கொடுப்பார். அவர் இரவு 10-க்குத்தான் கடையை மூடி வருவார். 8-க்குப் பதில் 10 ஆனால் பரவாயில்லையா?


நாமக்கல்_ஓய்வு
11 மே, இரவு 9.30

ஒரு நாள், 2 மணி நேரம், ஒன்றும் ஆகாது. தவறவிடாமல் கொடுத்தால் போதும். மறந்துவிட்டால் நினைவு வந்ததும் கொடுக்கட்டும், ஆனால் அடுத்த வேளையில் இரண்டாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். தட்டைத் திருப்பவும் சொல்லுங்கள்.